ஓடுபாதை ஓரத்துப் பாஸ்

பிப்ரவரி 2, திங்கள்

நல்ல பனி. மாடியில் போட்ட துணி மத்தியானம் வரை ஈரம். பள்ளியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு லேப் ஒழுங்கு செய்தேன். குவி லென்ஸ் ஒன்று குறைகிறது. எவனோ காகிதம் எரிக்க எடுத்துப் போயிருப்பான்.

பெங்களூர் விமானக் காட்சி இந்தச் சனி, ஞாயிறு. டிக்கெட் இன்னும் இருக்கிறது. இரண்டு வகை.

சாதா டிக்கெட்: ஞாயிறு மட்டும். பொது மைதானம். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக லென்ஸுக்குள். முன்னால் தலைகள், தலைகளுக்கு மேல் செல்போன்கள்.

போட்டோ பாஸ்: ஓடுபாதை ஓரமாக மேடை. சூரியன் முதுகுப் பக்கம். சனிக்கிழமை ஒத்திகைக்கும் விடுவார்கள், ஆக இரண்டு நாள். விலையை இங்கே எழுதப்போவதில்லை. இவர் என் டைரியைத் தொடமாட்டார், இருந்தாலும்.

இவர் மஸ்கட்டிலிருந்து போன். "எத்தன வருஷமா மாடில நின்னு கழுத்து சுளுக்க எடுக்குற. ஒரு தடவ கிட்டக்க போய்த்தான் எடேன்." தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் கிளம்பும் விமானம் திருவையாற்றில் எங்கள் மாடிக்கு மேல் வரும்போது விரல் நகம் அளவுதான் இருக்கும். கிட்டக்க என்றால் எந்த டிக்கெட் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளி விட்டு வயலுக்கு. கதிர் நன்றாகப் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. கையில் உருவிப் பார்த்தேன், மணி கெட்டி.

ரோட்டை ஒட்டி எங்கள் வயல். பின்னால் கோவிந்தராஜ் அண்ணனின் குத்தகை வயல், கொஞ்சம் பள்ளம். அதற்குத் தனி வழி கிடையாது. எங்களுடையதை அறுத்தால்தான் அந்த அடித்தாள் மேல் ஏறி அறுப்பு மெஷின் அவர் வயலுக்குப் போக முடியும். வருஷா வருஷம் இப்படித்தான், முதலில் நாங்கள், உடனே அவர், ஒரே நாளில். சில சமயம் இது எரிச்சல். நம் வயலை நம் இஷ்டத்துக்கு அறுக்க முடியாது.

அண்ணன் வரப்பில் நின்றார். "மழ கிழ வர்றதுக்குள்ள அறுத்துட்டாத் தேவல டீச்சர். இந்த வருஷம் வெளஞ்சிருக்கு." அவர் வயலையே பார்த்துக்கொண்டு சொன்னார். உண்மைதான், எங்களுடையதைவிட நன்றாக விளைந்திருக்கிறது.

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

காலையிலேயே மெஷின் ஏஜெண்ட் செல்வம் போன். "டீச்சர், சனிக்கிழம காலைல ஒங்க வயல்ல எறக்கிடுறேன். விட்டா மெஷின் திருத்துறைப்பூண்டி பக்கம் போயிரும். திரும்பி வர அடுத்த வாரம் ஆயிடும்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் நினைத்திருப்பான்.

சாதா டிக்கெட் என்றால் எல்லாம் கூடி வரும். சனிக்கிழமை அறுப்பு, அன்று சாயங்காலம் பஸ், ஞாயிறு காட்சி. பாஸ் என்றால் வெள்ளிக்கிழமையே கிளம்ப வேண்டும். நான் இல்லாமல் அறுப்பு நடக்காது, நெல்லைக் கொட்ட, டிராக்டருக்குச் சொல்ல, பார்க்க, வேறு ஆள் இல்லை.

பாஸ் வாங்கக் காரணம்:
வெளிச்சம்.
ஒத்திகையில் தவறவிட்டதை மறுநாள் பிடிக்கலாம்.
வயது நாற்பத்தெட்டு, முட்டி வலி. இனி எப்போது.

வேண்டாம் என்பதற்கு: அறுப்பு.

ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி டீச்சர் எட்டிப் பார்த்தாள். "பிளேன யூடியூப்ல பாத்தா ஆகாதாக்கா?" எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே, அவள் எதிரிலேயே, போனில் பாஸ் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

செல்வத்திடம், அடிமணி இன்னும் பச்சையாக இருக்கிறது, அடுத்த வாரம் வாப்பா என்றேன். "ரோட்லேர்ந்து பாத்தேனே டீச்சர், பழுத்தாப்லதான் இருந்துச்சு." உள்ளே இறங்கிப் பார்த்தால் தெரியும் என்றேன். அதிகாரக் குரல். வகுப்பில் எடுபடுவது அவனிடமும் எடுபட்டது.

பிறகு கோவிந்தராஜ் அண்ணனிடமும் அதே பொய். அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொன்னா சரிதான். ஈரப்பதம்னு கொள்முதல் நெலயத்துல திருப்பி விட்டா அது வேற அலச்சல்" என்றார். என் பொய்க்கு அவரே ஒரு காரணமும் கொடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறுப்புக் காலத்தில் ஒரு விவசாயியிடம் போய், பிளேன் படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வானிலை அறிக்கையில் ஞாயிறு லேசான மழை வரலாம் என்கிறார்கள். வராமலும் போகலாம்.

எடுத்து வைக்க: பெரிய லென்ஸ், பேட்டரி 3, தொப்பி, முட்டித் தைலம், எலுமிச்சை சாதம்.

பிப்ரவரி 7, சனி. பெங்களூர்

பாஸ் தண்டம் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

முன்னால் ஒரு தலை இல்லை. ஓடுபாதை, புல், வானம். ஒரு போர் விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கை மேல் வெள்ளையாக ஆவி படர்ந்தது, அரை நொடி இருக்குமா. கிடைத்துவிட்டது. பைலட் தலையைத் திருப்பியதுகூடத் தெரிகிறது. ஹெலிகாப்டருக்கு ஷட்டர் வேகத்தைக் குறைத்தேன், இல்லாவிட்டால் விசிறி நின்றுபோனதுபோல் விழும். கை நடுங்கினால் போச்சு. நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் என் திரையைப் பார்த்துவிட்டுத் தன் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்படி ஒரு சந்தோஷம்.

நாள் முழுக்க ஊர் ஞாபகமே இல்லை. இப்போது லாட்ஜில் உட்கார்ந்து எழுதும்போதுதான். நான் ஊரில் இருந்திருந்தால் இந்நேரம் இரண்டு வயலும் அறுத்து முடிந்திருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியானம் இவர் போன். "நம்மூர்ல செம மழையாம், வாட்ஸாப்ல வீடியோ வருது. நீ தப்பிச்ச, ஜாலியா இரு."

கேமராவை மூடி வைத்துவிட்டேன் என்று எழுத ஆசை. மூடவில்லை. கடைசி விமானம் இறங்கும் வரை எடுத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வயலுக்கு. பள்ளிக்கு அரை நாள் லீவு.

எங்களுடையது மேடு. தண்ணீர் வடிந்துவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் வயல் மொத்தமும் படுத்துவிட்டது. கதிரெல்லாம் தண்ணீருக்குள். அவர் மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வடிய விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஒங்க மேல என்ன இருக்கு டீச்சர். பச்சையா இருந்தத அறுக்கவா முடியும்."

ஆமாம் என்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றுதான் மெஷின். எங்கள் வயலில் டயர் மெஷினே இறங்கியது. அவர் வயல் சேறு, செயின் மெஷின் வரவழைக்க வேண்டியதாயிற்று. படுத்த பயிரை அது பாதிதான் அள்ளியது. அள்ளியதிலும் ஒரு பிடி எடுத்து அண்ணன் விரித்துக் காட்டினார். மணி மணியாக வெள்ளை முளை.

"கொள்முதல்ல எடுக்க மாட்டான். கோழித் தீவனத்துக்குத்தான்" என்றார் செல்வத்திடம். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அந்த ஆவிப் படம், நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். பாஸ் இல்லாமல் அது கிடையாது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அது அப்படித்தான்.

யாருக்கும் அனுப்பவில்லை. இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நெட் சரியில்லை என்றேன். இன்னொரு பொய்.

பிப்ரவரி 14, சனி

வெயில். காலையில் கோவிந்தராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டீ போட உள்ளே போனார். அந்தம்மா திரும்பி வருவதற்குள் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று மடமடவென்று சொன்னேன்.

"அண்ணே, நெல்லு பச்சையா இல்ல. பழுத்துத்தான் இருந்துச்சு. பெங்களூர்ல பிளேன் படம் எடுக்கப் போனேன். அதுக்காகப் பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். எங்கள் நெல்லில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். பிறகு சொன்னார்.

"ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒங்க வயல்லயும் நானே நின்னு அறுத்து விட்டிருப்பேனே டீச்சர்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட.