செல்லம்மையின் பெயருக்கு எழுந்து நின்றவள்

அக்கா,

உன் மகள் செல்லம்மையின் ஆறாம் வகுப்பு மாடியில்தான் நடக்கும். மிடில் ஸ்கூல் தலைமையாசிரியர் நேற்று என்னிடம் நேரில் சொன்னார். அவளால் படியேற முடியாது, வகுப்பைக் கீழே மாற்றுங்கள் என்று நான் கொடுத்த மனுவைத் திருப்பித் தந்தார். பழைய பள்ளியிலிருந்து வந்த அவளுடைய உடல்நலச் சீட்டை என் முன்னால் விரித்தார். 'கை கால் குறைவில்லை. நன்றாக ஓடுகிறாள்.' கீழே டாக்டரின் கையெழுத்து.

நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அழுததைவிட இந்த ஒரு வரியைப் பார்த்துக் கொதித்ததுதான் எனக்கு அதிகம்.

காய்ச்சலில் சூம்பிய காலோடு இருந்தவளை நீ இடுப்பில் சுமந்து, வயல் வரப்பு வழியே தினமும் பள்ளியில் விட்டாய். மழையில் வரப்பு வழுக்கி இரண்டு முறை விழுந்தாய். அவள் விழவில்லை. இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது பெரிய வாத்தியார் உன்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்ஸ்பெக்டரும் டாக்டரும் வருகிறார்கள், காலைப் பார்த்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அன்றைக்கு மட்டும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்றார். நீயும் நம்பி நிறுத்திவிட்டாய்.

தலை எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியாரைத் தூக்கிவிடுவார்கள். அதற்காக இன்ஸ்பெக்ஷன் நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்குவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுச் சிறுமி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்: "அத்தே, ஒங்க செல்லம்மைக்குக் காலு சரியாயிட்டாம். டாக்டரு எழுதிட்டுப் போயிட்டாரு."

மறுநாள் நீ பள்ளி முற்றத்தில் நின்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "எம்பிள்ள பேருக்கு எவளோ எந்திச்சு நிக்கா. அப்பம் எம்பிள்ள ஆரு சார்?" அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பள்ளியின் நல்லதுக்குத்தான் என்றார். சீட்டைத் திருத்தச் சொன்னோம். டாக்டர் எழுதியதில் தான் கைவைக்க முடியாது என்றார்.

வீட்டு வாசலில் திரும்பி, "ஏலே, நீ பேப்பர்காரன்லா. எழுதுவியா?" என்றாய். எழுதினால் பிள்ளையைப் பள்ளியை விட்டே நிறுத்திவிடுவார்கள், ஒரு சீட்டுதானே, விடு என்றேன். ஊரில் பாலம் இடிந்ததை, மடை உடைந்ததை எல்லாம் எழுதியவன், கண்ணால் கண்ட இதை எழுதவில்லை. வாத்தியார்மேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேல்தான்.

நேற்றிரவே எழுதிவிட்டேன். பள்ளியின் பெயரோடு, அவர் பெயரோடு, என் தவறோடு. பத்திரிகை ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாடி கிடைத்தாலும் கவலையில்லை, நான் தூக்கிக்கொண்டு போய் விடுகிறேன் என்று செல்லம்மையிடம் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "என்னத் தூக்காண்டாம் மாமா. வகுப்பக் கீழ எறக்கச் சொல்லுங்க."

உன் குரல்தான் அக்கா. அதை வைத்துக்கொண்டுதான் இனி ஒவ்வொரு ஆபீஸ் படியும் ஏறப்போகிறேன்.

வியாழக்கிழமை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவளை மறுபடி பரிசோதிக்கிறார்கள், இம்முறை அவளையே. புதுச் சீட்டு சனிக்கிழமை கைக்கு வரும் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறார். பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. வகுப்பு கீழே இறங்குமா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை.