துப்பாக்கிக்கு வேலை வந்த நாள்

சிட்லபாக்கம்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள சோயாவுக்கு ஜீவிதா எழுதுவது.

ஆம்பூரில் நீயும் அயூப் மாமாவும் மெஹர் ஆன்ட்டியும் நன்றாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால், மற்றதையெல்லாம் படித்த பிறகு நீ நம்பமாட்டாய்.

உன் முகவரியை நம் பள்ளி ஆயா முனியம்மாக்காவிடம் கெஞ்சி வாங்கினேன். உன் டி.சி. விண்ணப்பத்தில் இருந்ததாம். "ஏழு மாசம் கழிச்சித்தான் அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சா உனக்கு?" என்று கேட்டார். முகவரிச் சீட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் உன் இடத்தில் இப்போது யாரோ புதுப்பெண் உட்காருகிறாள். நல்லவள்தான். நான்தான் அவளிடம் பேசுவதில்லை.

சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடத்தில் அப்பா தூங்குகிறார். அவர் இருமினால் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் ரிவால்வரை உனக்குத் தெரியும். நீ ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெருசாடி!" என்றாய். அதன் வாய்க்குள் என் சுண்டுவிரல் தாராளமாக நுழையும். வால்பாறை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்தபோது, வேலையை விட்டுப்போன மேனேஜரிடம் அப்பா அதை வாங்கினார். லைசென்ஸ் எல்லாம் முறையாக உண்டு. நம் ஊரில் மற்ற அப்பாக்கள் கிரிக்கெட் பேசுவதுபோல என் அப்பா அதைப் பற்றிப் பேசுவார். காட்டுப்பன்றி தேயிலைப் புதரிலிருந்து பாய்ந்தால் நீளத் துப்பாக்கியைத் தோளில் வைக்க நேரம் இருக்காதாம். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் இதுதான். சின்ன குண்டு பன்றிக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கும், பெரிய குண்டுதான் அதை நிறுத்தும். "கொல்றது அப்புறம்மா. மொதல்ல நிறுத்தணும்" என்பார். அந்தக் காலத்து எஸ்டேட் துரைகள் மான் வேட்டைக்குக்கூட எடுத்துப்போவார்களாம். அது வெறும் ஜம்பம், இருபது அடி தாண்டினால் இதை வைத்து எதையும் குறிபார்க்க முடியாது, கை மணிக்கட்டுதான் வீங்கும் என்பதையும் அவரே சொல்வார். அவர் பொய் சொல்பவர் இல்லை சோயா. பொய் சொன்னது நான்.

ஒருமுறை கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் மேல் பாய்ந்த பன்றியை அவர் நிறுத்தியிருக்கிறார். அது ஒன்றுதான். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பேப்பர் விரித்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். எதிர்வீட்டு தட்சிணாமூர்த்தி சார், "சவுரிமுத்து சார், உங்க பீரங்கிய எடுத்துக்கிட்டு ஏரிப் பக்கம் வாங்க. கொசு தாங்க முடியல" என்பார். தெருவே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு இருக்காது.

இனி அந்த நாள். போன நவம்பர், சனிக்கிழமை. நீ கணக்கு ஸ்பெஷல் கிளாஸில் இருந்தாய். நானும் அங்கேதான் இருக்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நான் டியூஷன் ரேஷ்மாவின் பிறந்தநாளுக்குப் பொத்தேரிக்குப் போயிருந்தேன். கேக் வெட்டினார்கள், ஆடினார்கள். எனக்கு ஆடக்கூடத் தெரியாது, ஓரமாக நின்று பார்த்தேன். திரும்பும்போது ஒரு ரயில் போய்விட்டது, அடுத்தது தாமதம். வீட்டுக்கு வந்தபோது மணி எட்டேகால். அப்பா வாசலில் நின்றிருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவ்வளவுதான். "ஒரு ஆட்டோக்காரர் ஸ்டேஷனிலிருந்து பின்னாலேயே வந்தார், பயந்துபோய் ஒரு கடைக்குள் ஒளிந்திருந்தேன்" என்று சொன்னேன். அந்த ஆட்டோ போகாமல் இருந்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன்.

அப்பா நேராக உள்ளே போனார். பீரோவைத் திறந்தார். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். "பேபி, தள்ளு" என்று அம்மாவை விலக்கினார். ரிவால்வரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என்னை ஸ்கூட்டரில் ஏற்றி சானடோரியம் ஸ்டேஷன் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே யாரும் இருக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டே போனேன். மற்ற வண்டிகள் எல்லாம் சவாரி போயிருந்தன. ஒரே ஒரு வண்டி நின்றது, உன் அத்தா அயூப் மாமாவின் வண்டி.

மாமா என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையை ஆட்டினார். "இன்னா பாப்பா, இந்நேரத்துல?" என்றார். யு.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை நம் இருவரையும் பள்ளிக்குக் கூட்டிப்போனவர். அப்பா வால்பாறையிலேயே இருந்ததால் அவரை அப்பாவுக்குத் தெரியாது. "இவனா?" என்று அப்பா கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை நாளும் இதையே சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன், நான் ஆமாம் என்று சொல்லவில்லையே என்று.

அப்பா அதை வெளியே எடுத்து மாமாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்ன சொன்னார் என்று உன்னிடம் அவர் சொன்னாரா, தெரியாது. சொல்லியிருக்கமாட்டார். அவர் சொன்னது இதுதான்: "சார், பாப்பா நடுங்குது பாருங்க. மொதல்ல அத்த உள்ள வைங்க. அப்புறம் என்னைய இன்னா வேணாலும் கேளுங்க."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

டீக்கடையில் இருந்தவர்கள் நடுவில் புகுந்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு நடந்ததை என்னைவிட நீ அறிவாய். ஸ்டாண்டிலிருந்து மாமாவின் பெயரை எடுத்தார்கள், ஆட்டோவை வாடகைக்குக் கொடுத்த சேட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நீ போய்விட்டாய். கடைசி நாளில் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டாய்: "அத்தாவப் பத்தி நீ அப்டி சொன்னியாடி?" எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அப்பாதான் என்றேன். நீ நம்பினாய். என் டிபன் பாக்ஸை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாய்.

அப்பா அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். தினமும் என்னை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுகிறார். "பாத்தியா பேபி, சும்மா கெடக்குன்னு சொன்னியே" என்று அம்மாவிடம் சொல்வார். தட்சிணாமூர்த்தி சார் இப்போது கொசு ஜோக் அடிப்பதில்லை, எழுந்து நின்று பேசுகிறார். அப்பாவை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

போன மாதம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. நீங்கள் இப்போது காட்டில் வேலை செய்யவில்லையே, இந்த ஊரில் இது என்ன தேவைக்கு என்று கேட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அப்பா உற்சாகமாகிவிட்டார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே மனு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "மேற்படி துப்பாக்கி என் மகளை அயூப் என்ற ஆட்டோ ஓட்டுநரிடமிருந்து பாதுகாக்கப் பயன்பட்டது." இந்த வரியை எழுதியது இதே கைதான் சோயா, இதே பேனாதான். பெயரில் பிழை இல்லையே என்று அப்பா சரிபார்த்தார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். என்னிடம் விசாரித்து வாக்குமூலம் எழுதிக்கொள்வாராம். ஆமாம் என்று நான் சொன்னால், தெருச் சண்டையாக முடிந்தது போலீஸ் காகிதத்தில் ஏறிவிடும். மாமாவின் பெயர் அதிலிருந்து எப்போதும் போகாது. உண்மையைச் சொன்னால், குற்றம் செய்யாத ஒருவரிடம் துப்பாக்கியை நீட்டியவர் என்று அப்பாவைக் கூட்டிப்போவார்களோ என்னவோ. அப்பா என்னை அடிப்பார் என்ற பயம் இல்லை. அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் பயம். அன்று எனக்காக அவர் உயிரைக் கொடுக்கக்கூடத் தயாராக இருந்தார். நான் கேக் தின்றுவிட்டு வந்திருந்தேன்.

இன்றிரவு சாப்பிடும்போது அப்பா, "பயப்படாம பேசும்மா, அப்பா பக்கத்துலதான் இருப்பேன்" என்றார். அம்மா தட்டுகளை எடுத்தாள். படுக்கப் போகும் முன் என் கணக்கு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரு ரயில் டிக்கெட் இருந்தது. பொத்தேரியிலிருந்து சானடோரியத்துக்கு, அந்தச் சனிக்கிழமை, மாலை ஆறு ஐம்பத்திரண்டு. என் யூனிஃபார்மைத் துவைக்கும்போது கிடைத்திருக்க வேண்டும். ஏழு மாதம் தெரிந்தே இருந்திருக்கிறாள். அவளும் என்னைப்போல அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அந்த டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து மங்கிவிட்டது, தேதி தெரிகிறது. காலையில் பால் வாங்கப் போகும்போது பூத் பக்கத்துத் தபால் பெட்டியில் இதைப் போட்டுவிடுவேன். போட்ட பிறகு என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். ஒருவேளை ஒன்பது மணிக்கு நான் மறுபடி தலையைக் குனிந்துவிட்டால், நீ தயங்காதே. இந்தக் கடிதத்தையும் டிக்கெட்டையும் மாமாவிடம் கொடுத்து எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகச் சொல். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். மாமாவிடம் இதைப் படித்துக் காட்டினால் போதும். ஒன்று மட்டும் அவரிடம் கேள். எங்கள் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்ட பிறகு, நான் கேட்டைத் திறந்து உள்ளே போகும்வரை அவர் வண்டியைக் கிளப்பியதே இல்லை, அது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேள். நாளை இன்ஸ்பெக்டர் முன்னால், அந்த வண்டி வெளியே நிற்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

என் அப்பாவுக்காகவும் ஒரு துஆ செய்யச் சொல். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ச. ஜீவிதா