நீ ஊற்றிய தண்ணீர்

உன் படத்திறப்புக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. வெள்ளைக் கோட்டு, கையில் பீக்கர், அந்தச் சிரிப்பு. கீழே ‘நேர்மையின் சிகரம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்குச் சிகரம் என்ற சொல் மலிவாகக் கிடைத்துவிடுகிறது.

கல்லூரியில் நாம் இருவரும் தற்காலிக வேதியியல் விரிவுரையாளர்கள். நிரந்தர இடம் ஒன்றுதான். நிர்வாகக் குழுவின் முன் இருவரும் ஒரே சோதனையைச் செய்து காட்ட வேண்டும். ஒருவருக்கு மற்றவர் உதவியாளர். என் முறை மே மாதத்து மதியம். உன் முறை மறுநாள் காலை.

தயோசல்பேட் கரைசலில் அமிலம் விட்டால் கந்தகம் பிரிந்து கலங்கும். பீக்கருக்கு அடியில் தாளில் போட்ட பெருக்கல் குறி மறையும். கரைசலில் தண்ணீர் கூடினால், மறையும் நேரமும் கூட வேண்டும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கடிகாரம் என் கையில். தண்ணீர் கலந்தது நீ.

எல்லாப் பீக்கரிலும் குறி ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறைந்தது.

“என்னா சார், தண்ணி ஊத்தியும் வீரியம் கொறையலையே! எங்க பால்காரனுக்குச் சொல்லிக் குடுங்க” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

அவர்கள் போனபின் பீக்கர் கழுவக் குழாயைத் திறந்தேன். கை சுட்டது. வெயில் காலத்தில் இந்த ஊர் மொட்டைமாடித் தொட்டிகள் எப்படிக் காயும் என்று உனக்குத் தெரியாதா? காய்ச்சி வடித்த தண்ணீர் அலமாரியில் குளிர்ச்சியாக இருக்க, நீ குழாய்க்குப் போயிருக்கிறாய். தண்ணீர் கூடக் கூடச் சூடும் கூடியது. செறிவு குறைந்து இழந்த வேகத்தைச் சூடு ஈடுகட்டிவிட்டது.

“ஏன்டா குழாய்ல புடிச்ச?”

“தண்ணிதானடா. தெர்மாமீட்டர் உன் மேசை மேலதான இருந்துச்சு? வுட்டுப் பாக்க வேண்டியதுதான?”

மறுநாள் உனக்குக் கலந்து கொடுத்தவன் நான். அலமாரித் தண்ணீரில்தான் கலந்தேன். வரைபடத்தில் உன் கோடு நேராக வந்தது. வேலையும் வந்தது.

துறைத்தலைவர் நாற்காலியில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தாய். நான் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இதே சோதனையைச் செய்து காட்டுகிறேன். நேற்று உன் மனைவி போன் செய்தாள்.

“அண்ணா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணுங்க. உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாரு.”

“என்னம்மா சொல்வான்?”

“உங்களாட்டம் சுத்தமா வேல செய்றவங்க கெடையாதுனு.”

வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சாட்சி சொல்லும் நல்ல புத்தி உனக்குச் செயலாளர் முன்னால் வரவில்லை, சமையலறையில் வந்திருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்து மாறினால், எது செய்த வேலை என்று பிரிக்க முடியாது. அன்று நீ ஒழுங்கான தண்ணீரை ஊற்றியிருந்தாலும் அவர்கள் உன்னையே எடுத்திருக்கலாம். என்னைவிட நீ நன்றாகப் பேசுவாய். உன்னால் தோற்றேனா, என்னால் தோற்றேனா? அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். வேலை போனதைக்கூட விட்டுவிடுவேன். இதை விடமாட்டேன்.