அத்தான் முகம் ஏன் மினுங்குகிறது?

ஜூன் 3, செவ்வாய்

சூரிய சந்திரர் சாட்சியாக எழுதுகிறேன்: இனி இந்த டைரியில் வரப்போவதை எவரும் நம்ப மாட்டார்கள். நாளைக்குப் படித்தால் நானே நம்ப மாட்டேன். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். என் அக்காவின் வாழ்க்கை ஊசலாடுகிறது.

அத்தானின் முகம் மினுங்குகிறது.

காலமெல்லாம் பேக்கரி அடுப்புக்கு முன்னால் நின்று, அவர் சுடும் ரொட்டியைப் போலவே மொறுமொறுத்துப் போன முகம் அது. அதில் உட்கார்ந்த கொசு ஊசி உடைந்து அழுதுகொண்டே பறந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த முகத்தில் இன்று காலை டியூப் லைட்டின் பிம்பம் தெரிந்தது! ஊரார் மூக்கில் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பிழைப்பவன் நான். முகம் என் தொழில். என்னிடமா?

ஜூன் 4, புதன்

தடயம் சிக்கியது. நாங்கள் மூவரும் குடியிருக்கும் வீட்டின் குளியலறையில், சோப்புத்தூள் பெட்டிக்குப் பின்னால் ஒரு குட்டி டப்பா. உள்ளே பொடிமணல் கலந்த களிம்பு, ஆரஞ்சு வாசனை. டப்பாவின் லேபிளை யாரோ நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். யோக்கியமான பொருள் என்றால் பெயரை ஏன் மறைக்க வேண்டும்?

சாப்பிடும்போது தூண்டில் போட்டேன். “பேக்கரியில யாராவது புதுசா சேர்ந்திருக்காங்களா அத்தான்?”

“ஆமா, கல்லாவுல ஒரு பொண்ணு. ஏன்?”

“சும்மா.”

தட்டைக் கழுவும்போது விசிலடித்தார். விசில்!

ஜூன் 5, வியாழன்

இன்றும் மினுங்குகிறார்.

ஜூன் 8, ஞாயிறு

எதிரியின் ஆயுதத்தை நாமே ஏந்திப் பார்க்காமல் எதிரியை எப்படி அறிவது? வியாழன் முதல் தினமும் அந்தக் களிம்பைத் திருடித் தேய்த்துக்கொள்கிறேன். காய்ந்த முகத்தில், அடிப்பிடித்த சட்டியை விளக்குவதுபோல, முழு பலத்தோடு. முதல் நாள் கன்னம் வழுவழுவென்று இருந்தது. ஈ உட்கார்ந்து வழுக்கி விழுந்தது. பலே என்றேன்.

இன்று தக்காளி. தண்ணீர் பட்டால் ‘சுர்’ரென்று ஆவி கிளம்புகிறது.

ஜூன் 9, திங்கள்

கடையில் ஒரு ஃபிரேமை மாட்டிக் காட்டப் போய் நான் போட்ட அலறலில் வாடிக்கையாளர் ஓடியேவிட்டார். பக்கத்து மருந்துக்கடை அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே இது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களா?”

களிம்பைப் பற்றி, ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க. அது செத்த தோலை எடுக்கத்தான், உயிரோட இருக்கிற தோலை உரிக்க இல்ல. வாரத்துக்கு ஒரு தரம், மிஞ்சினா ரெண்டு தரம். முகத்தை நனைச்சுக்கிட்டு, விரல் நுனியால லேசா வட்டம் போடணும். கழுவின உடனே க்ரீம். புண்ணு ஆறுற வரைக்கும் அதைத் தொடவே கூடாது. ஏண்ணே, இதெல்லாம் உங்க வீட்டுலயே...” என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஏன் மூடினார்? இவளும் உடந்தையா? இல்லை... இவளேதானா?

ஜூன் 10, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். டப்பா, விசில், கல்லாப் பெண், மருந்துக்கடை, எல்லாவற்றையும். அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள். என் அக்கா அழுகிறாள்! ஐயோ என்று என்னையே திட்டிக்கொண்டேன், ஏண்டா வாயைத் தொறந்த? தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பாளே. கேட்டியா நீ?

ஜூன் 15, ஞாயிறு

கடைக்குப் போகிறேன் என்று கிளம்பித் தெருமுனையிலிருந்து திரும்பினேன். மொட்டை மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அத்தான் குரல்: “மெதுவா, மூக்கு கழண்டு கையோட வந்துடப் போகுது.” கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு!

நான் உதைத்த உதையில் கதவு பறந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் விழுந்தது. உள்ளே பிளாஸ்டிக் ஸ்டூலில், கழுத்தில் துண்டோடு அத்தான். அவர் கன்னத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் — என் அக்கா.

“வாங்க துப்பறியும் சிங்கம்,” என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமலே.

“அன்னைக்கு அழுதியேக்கா?”

“அழுதேனா? சிரிப்பை அடக்க முடியலடா.”

“அப்போ லேபிளைச் சுரண்டினது?”

“நான்தான். மருந்துக்கடை அம்மாகிட்ட அதை வாங்கி, உன்கிட்ட மூச்சு விடாதீங்கன்னு சொன்னதும் நான்தான். உனக்குத் தெரிஞ்சா சும்மா விடுவியா? போன தடவை இவர் தலைக்கு மை பூசினதைக் கடைக்கு வர்றவங்க மூக்குக்கெல்லாம் சொன்ன. ரொட்டி வாங்க வந்தவங்க ரொட்டியை விட்டுட்டு இவர் மண்டையைத்தான் பார்த்தாங்க. அதுக்கப்புறம் இவர் மை பூசவே இல்ல. கவனிச்சியா நீ?”

கவனிக்கவில்லை. முகம் என் தொழில் என்று இதே டைரியில் எழுதியவன்தான்.

“இந்த ஒண்ணையாவது எங்களுக்குன்னு விட்டு வைடா,” என்றாள். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

ஜூன் 16, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. கடையில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாக்கு அரித்தது.

ஜூன் 22, ஞாயிறு

முகம் ஆறிவிட்டது. மாலையில் மேலிருந்து அக்கா குரல்: “டேய் தம்பி, துண்டை எடுத்துட்டு வா!”

அதே ஸ்டூல். முகத்தை நனைத்துவிட்டு, விரல் நுனியால் நெற்றியில் தொடங்கினாள். என் முகத்திலிருந்து உதிர்ந்த செத்த தோலை அள்ள நகராட்சி லாரி வந்தது. லாரி நிரம்பி வழிந்தது. அத்தனை தோலும் போன பிறகு ஸ்டூலில் பத்து வயதுப் பையன் ஒருவன், பழைய நான், உட்கார்ந்திருந்தான், சற்றே கூச்சத்தோடு.

“கண்ணு ஏண்டா கலங்குது?”

“மணல் விழுந்துடுச்சுக்கா.”

“சரிதான், பேசாம இரு,” என்று துண்டின் ஓரத்தால் ஒற்றினாள். அத்தான் க்ரீம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஜூன் 23, திங்கள்

கடையில் ஒருவர், மூக்கில் ஃபிரேமோடு கேட்டார்: “உங்க அத்தான் முகம் என்ன இப்போ இப்படிப் பளபளக்குது?”

“அடுப்புச் சூடு,” என்றேன். “நேரா பாருங்க சார், ஆடாதீங்க.”

இந்த டைரியில் எழுதியதில் சிலவற்றைத் திருத்த வேண்டும். லாரி வரவில்லை. பையனும் இல்லை. பறந்த கதவு இன்னும் மாடி அறை வாசலில்தான் இருக்கிறது; உதைத்த என் கட்டைவிரல்தான் வீங்கியது. மணலும் விழவில்லை.

கண் கலங்கியது நிஜம்.