அமெரிக்காவில் பந்து பார்க்க வருவார்களா?

1977, வெள்ளி இரவு.

மாலையில் எதிர்வீட்டுக் கமலா வந்தாள். அவள் கணவன் அமெரிக்காவில் ஒரு கால்பந்துக் குழுவில் ஆடப் போயிருக்கிறான். கூட்டம் சேராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்களாம்.

"அந்த ஊரு ஜனங்க பாக்க வருவாங்களா சார்?"

அவர்கள் பழகிய ஆட்டங்கள் நின்று நின்று நடப்பவை, கால்பந்து நிற்காமல் ஓடுவது, அதனால் வருவது சந்தேகம்தான் என்றேன். கருட சேவையை உதாரணம் காட்டினேன். பெருமாள் மண்டபத்துக்கு மண்டபம் நிற்பதால்தானே கூட்டம் கூடுகிறது?

"நம்ம ஜனங்க சுண்டலுக்கில்ல நிக்குது!" என்று சிரித்தாள். "அங்க பசங்க இப்ப இந்தப் பந்துதான் ஆடிக்கினு இருக்குதாம். அதுங்க வளந்தா டிக்கெட் வாங்கினு வரும். இல்ல சார்?"

"கண்டிப்பா வரும்மா."

நிம்மதியாகப் போனாள். அந்தப் பிள்ளைகள் வளரப் பத்து வருஷமாவது ஆகும். அவள் கணவனுக்கு இப்போதே முப்பத்திரண்டு.