கடலின் முதல் படி

கோஃபு,
ஏப்ரல் 21

மதிப்பிற்குரிய இனகாகி ஐயா அவர்களுக்கு,

என் பெயர் மிதானி சயோகோ. உங்களுக்கு ஒன்பது வருடம் கண்ணாக இருந்து ஓய்வு பெற்ற யூசு இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். கடிதமும் வேண்டாம், போனும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருப்பதாக வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் சொன்னார்கள். நான் விடாமல் கெஞ்சியதில், ஒரே ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள் என்று முகவரி கொடுத்தார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுற்றுலாப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் வழிகாட்டியாக இருந்தவள் நான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘உங்கள் வலப்புறம் பாருங்கள்’ என்று சொல்லியே என் காலம் போய்விட்டது. ஆக, யூசுவும் நானும் ஒரே தொழில். ஆனால் அவள் என்னைப் போல வாயாடி இல்லை. வந்து ஆறு வாரமாகிறது, ஒரு குரைப்பு கேட்கவில்லை. காலை ஏழே முக்காலுக்கு வாசலில் போய் நிற்கிறாள். கதவைத் திறந்தால் வெளியே போகாமல் என் இடது பக்கம் வந்து நின்று முகத்தைப் பார்க்கிறாள். “வேலையெல்லாம் முடிஞ்சு போச்சுடி, போய்ப் படு” என்றால் போய்ப் படுக்கிறாள். அதையும் ஒரு வேலையாகத்தான் செய்கிறாள். மாடிப்படி வந்தால் நின்றுவிடுகிறாள், நான் ஏறிய பிறகுதான் ஏறுகிறாள். மூட்டுவலி போலிருக்கிறது.

கேட்க வந்தது ஒன்றுதான். அவளுக்கு என்ன பிடிக்கும்? பதினோரு வயதில் இனியாவது அவள் இஷ்டத்துக்கு எதையாவது செய்யட்டும் என்று ஆசைப்படுகிறேன். எதைச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
மிதானி சயோகோ

*

யோகோஹாமா,
மே 6

மிதானி அம்மா அவர்களுக்கு,

என் வாசிப்பு இயந்திரத்துக்கு ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல். நீங்கள் கெஞ்சிய இடத்தைக்கூட ‘மூன்றாம் நடைமேடையில் நிற்கும் பயணிகளே’ என்கிற தொனியில்தான் படித்தது. பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்றாவது தடவை கேட்டதும் மனசு கேட்கவில்லை.

ஏழே முக்கால், நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். உடம்பு பிடித்துவிடுவதும் அக்குபங்சர் ஊசி வைத்தியமும் என் தொழில்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்பது வருடம் எனக்கு எங்கே போக வேண்டும் என்பதைத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்று நாள் போசோ பக்கம் இசோனே என்ற கிராமத்துக்குப் போவோம். நான் மணலில் உட்கார்ந்து கடலைக் கேட்பேன். அவள் வழிகாட்டி நாய்க்குப் போடும் சேணத்தோடு என் இடது பக்கம் உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் குழந்தைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் விழுவார்கள். அவள் அசைய மாட்டாள். அந்தச் சேணம் போட்டிருந்ததால் அவளை யாரும், எங்கேயும் தடுத்ததில்லை. நானும் அதை ஒரு நாளும் கழற்றவில்லை.

அவள் நடை எப்போதும் என் நடைதான். அவள் ஓடி நான் கேட்டதே இல்லை.

முடியுமானால் ஒரு முறை அவளைக் கடலுக்குக் கூட்டிப் போங்கள், சேணம் இல்லாமல். எப்படி ஓடினாள் என்று எனக்கு எழுதினால் போதும். நான் வர மாட்டேன். என் குரலோ வாசனையோ பட்டால் அந்த நிமிஷமே என் இடது பக்கம் வந்து நின்றுவிடுவாள். அந்த இடத்தில் இப்போது கான் என்கிற புது வழிகாட்டி நாய், இரண்டு வயதுப் பயல், நிற்கிறான். அவளுக்கு அந்த வேதனை வேண்டாம்.

இனகாகி ஷூஜி

*

கோஃபு,
ஜூன் 29

அன்புள்ள இனகாகி ஐயா,

ஊரைச் சுற்றி மலையாக இருக்கிற கோஃபுவில் உட்கார்ந்துகொண்டு கடல் தேடிக் களைத்துவிட்டேன். கேளுங்கள் என் கதையை.

இதுவரை பதினேழு கடற்கரைகளுக்குப் போன் செய்துவிட்டேன். எல்லோரும் மனப்பாடம் செய்த மாதிரி ஒரே பதில். ஜூலை ஒன்று முதல் ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை நாய்களுக்கு அனுமதி இல்லை. ஒரு ஊரில் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறு வரை வரலாமாம், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம். இருபத்தாறு கிலோ என்றேன். போனை வைத்துவிட்டார்கள். இன்னொரு ஊரில், நாய்களை வரவேற்கிறோம் என்று பெரிதாக விளம்பரம். விசாரித்தால் பத்துக் கிலோவுக்கு உட்பட்ட நாய்களைத்தான் வரவேற்கிறார்களாம். அந்த இளைஞனிடம் சண்டையே போட்டுவிட்டேன். “தம்பி, இவ ஒன்பது வருஷம் புல்லட் ரயில்ல போனவ, ஆஸ்பத்திரிக்குள்ள போனவ, ஒருத்தரும் நிறுத்தல. ஒரு தோல்வாரைக் கழட்டினதும் வெறும் நாயாயிட்டாளா?” பாவம், அவன் ஏழு தடவை மன்னிப்புக் கேட்டான். விதி மட்டும் மாறவில்லை.

கடைசியில் உங்கள் இசோனேவுக்கே போன் போட்டேன். நீங்கள் தங்கும் விடுதியின் அம்மா ஹிசாயோ, யூசு பேரைச் சொன்னதும் உருகிவிட்டார். “ஆகஸ்ட் நடுவுல ஓபோன் பண்டிகை முடிஞ்சா நம்ம ஜனங்க யாரு கடல்ல காலை வைக்கிறாங்க, ஜெல்லி மீன்தான் குளிக்கும். செப்டம்பர் ஒண்ணாந்தேதி கரைக் கொட்டகையெல்லாம் பிரிச்சுடுவாங்க. அப்புறம் கரை நாய்ங்களோடது. கூட்டிட்டு வாங்க” என்றார். அவர் விடுதியிலும் நாய்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் யூசுவை அவர் நாயாக எண்ணியதே இல்லையாம்.

சொல்ல மனசு வராத ஒன்றும் இருக்கிறது. யூசு வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொல்கிறார். இந்த வயதில் அறுக்க வேண்டாம் என்கிறார். செப்டம்பர் வரை தாங்குவாளா என்று கேட்டேன். “தாங்கலாம்” என்றார். அந்த ‘லாம்’ எனக்குப் போதவில்லை. அதனால்தான் கேட்கிறேன், அவளுடைய பழைய சேணம் உங்களிடம் இருந்தால் அனுப்புவீர்களா? போட்டுக்கொண்டு போனால் ஜூலையிலேயே விட்டுவிடுவார்கள்.

சயோகோ

*

யோகோஹாமா,
ஜூலை 4

மிதானி அம்மா அவர்களுக்கு,

சேணம் என்னிடம் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

வேலை செய்யாத நாய்க்கு அதைப் போட்டு ஒருவர் உள்ளே போனால், அடுத்த வாரம் என்னைப் போன்றவன் வாசலில் நின்று, ‘இது நிஜ வழிகாட்டி நாய்தானா’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, அதைப் போட்டால் அவள் வேலைக்குத் திரும்பிவிடுவாள். கடல் அவள் கண்ணிலேயே படாது.

செப்டம்பர் வரை பொறுங்கள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். நான் கற்றுக்கொடுத்ததில் அதைத்தான் நன்றாகக் கற்றாள்.

கட்டி பற்றிய பகுதியை இயந்திரத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. ஒரு தடவை போதும்.

இனகாகி

*

இசோனே,
செப்டம்பர் 3, விரைவுத் தபால்

அன்புள்ள இனகாகி ஐயா,

வந்துவிட்டோம். யூசு தாங்கிவிட்டாள். இரண்டு நாளாக இங்கே இருக்கிறோம், எனக்கு அழுகையாக வருகிறது.

கொட்டகைகளைப் பிரித்துவிட்டார்கள். கரை முழுக்கக் காலி. ஒரு வயதான தம்பதி, அவர்களுடைய இரண்டு குட்டைக்கால் நாய்கள், நாங்கள், அவ்வளவுதான். அந்தக் குட்டையன்கள் அலையைத் துரத்துகிறார்கள், அலை இவர்களைத் துரத்துகிறது. நான் யூசுவின் கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிட்டேன். அவள் நேராகத் தண்ணீர் வரை நடந்தாள். ஈர மணல் தொடங்கும் கோட்டில் நின்றுவிட்டாள்.

நின்றவள் நின்றவள்தான். அலை பின்வாங்கினால் இரண்டடி முன்னே போய் அதன் விளிம்பில் நிற்கிறாள். அலை வந்தால் இரண்டடி பின்னே வந்து மறுபடி விளிம்பில் நிற்கிறாள். திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். பந்து எறிந்தேன். போ என்றேன். கொஞ்சினேன், திட்டினேன், தண்ணீரில் பிஸ்கட் போட்டேன். குட்டைக்கால் நாய்க்காரர், “தண்ணின்னா பயமோ?” என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

நான் ஏதாவது தப்பு செய்கிறேனா? உண்மையைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் கடலைக் கை நீட்டிக் காட்டியவள், ஒரு நாளும் அதில் கால் நனைத்தது கிடையாது. வண்டி நிற்காது, காலுறை நனையக் கூடாது, அப்படியே பழகிவிட்டது. இப்போதும் உலர்ந்த மணலில் காலணியோடு நின்றுகொண்டுதான் கத்துகிறேன்.

ஆறாம் தேதி வரை தங்குவேன். போன் கூடாது என்பது உங்கள் கட்டளை. சீக்கிரம் எழுதுங்கள்.

சயோகோ

*

யோகோஹாமா,
செப்டம்பர் 4, விரைவுத் தபால்

மிதானி அம்மா,

அவளுக்குப் பயம் இல்லை. அது படி.

வழிகாட்டி நாய் ஒவ்வொரு படியின் முன்னாலும் நிற்கும். நடைபாதை ஓரம், மாடிப்படி, ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளி, எதுவானாலும். நான் காலை நீட்டித் தொட்டுப் பார்த்து, தெரிந்துகொண்டேன் என்று அதே காலால் இரண்டு தட்டு தட்டி, ‘நல்ல பிள்ளை, போ’ என்றால்தான் அடுத்த அடி வைப்பாள். உங்கள் மாடிப்படியில் நின்றதும் மூட்டுவலியால் இல்லை.

தரை முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்தை உங்களுக்குக் காட்டுகிறாள். அந்தப் படி நகர்கிறது, அவளும் விடாமல் கூடவே நகர்ந்து காட்டுகிறாள். இரண்டு நாளாக உங்களைக் கடலில் விழாமல் காத்துக்கொண்டு நிற்கிறாள், அம்மா. இப்படி ஒரு ஜீவன் உண்டா?

காலணியைக் கழற்றுங்கள். முதலில் உங்கள் கால் தண்ணீரில் போக வேண்டும்.

ஒன்பது கோடைக்காலம் நான் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் அவள் ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இனகாகி

*

இசோனே,
செப்டம்பர் 5

அன்புள்ள இனகாகி ஐயா,

உங்கள் கடிதம் காலை எட்டரைக்கு வந்தது. அப்போதே கிளம்பினேன். ஹிசாயோ அம்மா விடவில்லை. “பத்து மணிக்குப் போங்க. அப்பதான் காத்து கடல்லேருந்து வீசும்” என்று அடம்பிடித்தார். காற்றுக்கும் யூசுவுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை.

உங்களுக்காகச் சத்தங்களாகவே சொல்கிறேன்.

காலுறையைக் கழற்றினேன். காலடியில் ஈர மணல் நறநறத்தது. யூசு விளிம்பில் போய் நின்றாள். நான் அவள் வலது பக்கம் நின்று காலை நீட்டினேன். ஐயா, கடல் என் பாதத்தின் மேல் ஏறியது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை. தண்ணீர் திரும்பும்போது குதிகாலுக்குக் கீழிருந்து மணலை உருவிக்கொண்டு போகிறது. பூமியே நகர்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை பெரியதையா ஜன்னல் வழியாக ஏதோ கட்டடம் மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன்?

இரண்டு தட்டு தட்டினேன். “நல்ல பிள்ளை. போ.”

முதலில் ஒரு காலின் ‘சளக்’. பிறகு நான்கு கால்களும். பிறகு எண்ண முடியாத வேகத்தில் சளசளவென்று ஒரே இரைச்சல். கரை நீளத்துக்கும் ஓடினாள். திரும்பினாள். அலைக்குள் பாய்ந்து, மூழ்கி, தும்மிக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு குரைத்தாள். ஆமாம், குரைத்தாள். கனத்த, தாழ்ந்த குரல். அவளே திடுக்கிட்டு நின்று யார் குரைத்தது என்று சுற்றிலும் பார்த்தாள். மறுபடியும் ஓடினாள். நான் வாயில் கை வைத்தபடி நின்றேன்.

இனி எழுதுவதை, உங்களுக்குத் தெரியாதது போலவே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குக் காற்று திரும்பி, கரைப் பக்கமிருந்து வீசியது. மணலுக்கு மேலே கல்சுவர் ஓரம், ஹிசாயோ அம்மாவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் சேணம் போட்ட கறுப்பு நாய். அவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, காதை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். யூசு சட்டென்று நின்றாள். மூக்கை உயர்த்தினாள். சுவரைப் பார்த்து மெதுவாகப் பத்தடி நடந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். கூப்பிட எனக்கு என்ன உரிமை?

அவரை நெடுநேரம் பார்த்தாள். அவர் பக்கத்தில் இருந்த கறுப்பனையும் பார்த்தாள். வால் ஆடியது, ஒரு தடவை இல்லை, நிறைய. பிறகு திரும்பி, யாரையும் கேட்காமல், என் கால் முன்னே போவதற்கும் காத்திராமல், கடலுக்குள் ஓடிவிட்டாள்.

சயோகோ

*

யோகோஹாமா,
செப்டம்பர் 9

அன்புள்ள சயோகோ அம்மா,

மறைத்துப் பயனில்லை. என் வாசனை அவளை எட்டாதபடி காற்று வீசும் நேரத்தை ஹிசாயோவிடம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். என் காலணியில் இன்னும் மணல் இருக்கிறது.

நான்கு கால்களின் சத்தத்தை ஒன்பது வருடம் என் இரண்டு கால்களுக்குப் பக்கத்தில் கேட்டவன் நான். அவை என்னோடு சேராமல் போவதை அன்றுதான் கேட்டேன். அந்தக் குரைப்பு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஹிசாயோவிடம், “யார் வீட்டு நாய்?” என்று கேட்டேன். “உங்க யூசுதாங்க” என்றார். ஒன்பது வருடம் இவ்வளவு பெரிய குரலை எனக்காக அடக்கி வைத்திருந்தாளா? பார்வை போன நாளில்கூட நான் அப்படி அழுததில்லை. இது வேறு அழுகை.

காற்று திரும்பியதும் அவள் நின்றது எனக்குக் கேட்டது. வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் கையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவள் திரும்பி ஓடிய சத்தம்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

நீங்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகு, கானைத் தண்ணீர் வரை நடத்தினேன். விளிம்பில் நின்றான். நான் காலை நீட்டினேன், இரண்டு தட்டு தட்டினேன். பிறகு சேணத்தைக் கழற்றிவிட்டு நீளக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அவன் என்னை முழங்கால் ஆழம் வரை இழுத்துவிட்டான், போக்கிரி.

அக்டோபர் நடுவிலும் இசோனேவில் வெயில் உண்டு என்று ஹிசாயோ சொல்கிறார். யூசுவின் உடம்பு தாங்கினால் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் தண்ணீர் ஓரமாகவே நிற்பேன், பேசுவேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று இந்த முறை யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை.

அன்புடன்,
ஷூஜி