வலப்பக்கக் கட்டம்

மரக்காணம்,
19-11-2025, புதன்கிழமை.

அன்பு மகள் ஆஸிஃபாவுக்கு,

அத்தாவின் ஸலாம். அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பானாக. இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உடம்புக்குச் சுகம் என்று எடுத்துக்கொள்.

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இது இப்போதைக்கு அவள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் கடிதம். கையால் எழுதி, நானே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தாளைக் கிழித்துவிடுவேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை ராஜாங்கம் வந்தான். மழையில் உப்பளம் எல்லாம் ஏரியாகக் கிடக்கிறது. வேலை இல்லாத உப்பளக்காரன் மனு எழுதக் கிளம்பிவிடுவான். அவன் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. சேர்த்தால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று அவன் ஊரில் கொதிக்கிறார்கள். "இன்னா வாத்தியாரே, உன் பொண்ணு லண்டன்ல கவுன்சிலரு தானே? சேக்கறது பிரிக்கறதுலாம் அங்க எப்பிடி பண்றானுங்கன்னு எடுத்துக் குடு. மனுவுல போட்டு அசத்திடலாம்" என்றான். லண்டன் இல்லையடா, அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு நீ லண்டன்தான்.

எனக்கும் அது பிடித்த வேலைதானே. முப்பத்திரண்டு வருடம் குடிமையியல் நடத்தியவனிடம் போய் இப்படிக் கேட்டால்? உன் எல்வென் மாவட்டத்தின் பிறப்பையே அவனுக்கு ஒரு வகுப்பாக எடுத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஏப்ரல் முதல் தேதி. முந்தின நாள் வரைக்கும் ஒரு பழைய துறைமுக நகரம், அதற்கென்று ஒரு மேயர், அவர் கழுத்துக்கு ஒரு தங்கச் சங்கிலி. பக்கத்தில் மில்கள் இருந்த சின்ன டவுன் ஒன்று. இரண்டையும் சுற்றி வயல்காட்டுக் கிராமங்கள், அவற்றுக்குத் தனி மன்றம். விடிந்தால் சட்டப்படி மூன்றும் ஒன்று. அலுவலகம் யார் ஊரில் என்று சண்டை. கூட்டம் யார் மண்டபத்தில் என்று சண்டை. பெயர் விஷயத்தில் ஒருவர் ஊர்ப் பெயர் மற்றவருக்கு ஆகாது என்பதால் நடுவில் ஓடும் ஆற்றின் பெயரை வைத்தார்கள். அப்படியும் குப்பை அள்ளுவது மாவட்டம், அதே தெருவில் குழி விழுந்தால் அதற்கு மேலே இருக்கும் கவுண்டி மன்றம். உன் தெருவில் குப்பைத் தொட்டி மூன்று வாரம் நிறைந்து கிடந்ததற்காகத்தானே நீ சுயேச்சையாக நின்று நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தாய்? இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே நிற்கலாம் என்பதை ராஜாங்கம் இன்னும் நம்பவில்லை.

அவன் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான்: "உப்பு முத்தின தண்ணி பாத்திக்கும் இளந்தண்ணி பாத்திக்கும் நடுவுல வரப்ப வெட்டி உட்டா, அதுலயும் உப்பு எறங்காது, இதுலயும் எறங்காது. சட்டம் போட்டவனுக்கு இது தெரியலயே." சிரித்தேன். அது அன்று நான் கடைசியாகச் சிரித்தது.

போன வாரம் உங்கள் முழு மன்றக் கூட்டம் நடந்ததல்லவா, மாவட்டத்தையே கலைத்து இன்னும் பெரிய ஒன்றோடு சேர்ப்பது பற்றி? அதன் தாள்களை எடுக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். என்னிடம் படித்த சத்யப்ரியாதான் அதை நடத்துகிறாள். உங்கள் மன்றத்தின் இணையதளத்தில் உன் பெயரைத் தட்டி, வந்த எல்லாவற்றையும் அச்சிடச் சொன்னேன். உன் பெயரில் எத்தனை தாள் வருகிறது பார்க்கலாம் என்ற பெருமைதான், வேறென்ன. பதினெட்டுத் தாள் வந்தது. பின் அடிக்க வரிசைப்படுத்தினேன். பதினான்காவது தாள், உறுப்பினர் தன் வேலை, சொத்து, வருமானத்தை ஊரறிய எழுதிக் கொடுக்கும் பதிவேடு.

அந்தப் படிவம் எனக்குப் புதிதில்லை. நீ ஜெயித்த மாதமே படித்திருக்கிறேன். இடப்பக்கம் உறுப்பினர், வலப்பக்கம் துணைவர். அப்போது வலப்பக்கக் கட்டத்தில் 'மருத்துவமனையில் மருந்தாளுநர்' என்று இருந்தது. வீடு, இருவருக்கும் கூட்டுரிமை. நம் தௌபீக்கின் வேலை ஒரு வெள்ளைக்கார அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது என்று அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மறந்திருக்க மாட்டாள்.

இப்போது வலப்பக்கம் மேலிருந்து கீழ் வரை ஒரே சொல்தான். பொருந்தாது. பொருந்தாது. பொருந்தாது. இடப்பக்கம் வீடு போய், வாடகைக்கு ஒரு ஃபிளாட். கீழே உன் கையெழுத்து. இந்த வருடம் பிப்ரவரி மூன்றாம் தேதி.

வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். உன் பெயரை மூன்று தடவை படித்தேன். சத்யப்ரியா ஓடி வந்து, "சார், உக்காருங்க சார், ஏன் இப்டி வேர்க்குது? மாத்திரை போட்டீங்களா?" என்று விசிறினாள். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த ராஜாங்கம் பதினேழு தாளைத்தான் வாங்கினான்.

"அங்கயும் கலைக்கிறானுங்களா வாத்தியாரே?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"இன்னா, சண்டையா?"

சண்டை மாதிரி தெரியவில்லை என்றேன்.

"சண்டையே இல்லாம எதுக்குய்யா பிரியணும்?"

வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்தக் கேள்வியை உன்னிடமும் கேட்கப் போவதில்லை, பயப்படாதே.

ஆனால் கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் தேதிகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிப்ரவரி பதினேழாம் தேதி எனக்கு நெஞ்சில் ஆபரேஷன். இரண்டு நாள் முன்பே நீ மட்டும் வந்தாய். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். பத்து நாள் என் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். டாக்டர் எனக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்று உன்னிடம்தானே சொன்னார்? அதைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கையெழுத்தை உள்ளே வைத்துக்கொண்டு, சுளையில் ஒரு நார் இல்லாமல் உரித்துக் கொடுத்திருக்கிறாய். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்குத் தௌபீக் போன் செய்தான். "அவ மீட்டிங்ல இருக்கா மாமா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றான். ஒரு மணி நேரத்தில் நீ செய்தாய். "அவர் டூட்டிக்குப் போயிட்டார் அத்தா." ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதையே அப்படியே மாற்றிச் சொன்னீர்கள். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொண்டுதான் செய்திருக்க வேண்டும். பிரிந்த பிறகும் என் இதயத்துக்காக இரண்டு பேரும் ஒரு கமிட்டி நடத்தியிருக்கிறீர்கள். அதில் கோபப்படுவதா அழுவதா என்று மூன்று நாளாகத் தெரியவில்லை.

உங்கள் சட்டத்தில் நிலைமை மாறினால் இருபத்தெட்டு நாளுக்குள் மன்றத்துக்கு எழுதித் தர வேண்டும். நீ தந்துவிட்டாய். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளை, விதியை மீற மாட்டாய். ஒன்பது மாதமாக அந்தத் தாளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். குப்பை வண்டி வரவில்லை என்று உன் விலாசம் தேடிய எவனோ ஒருவன் பார்த்திருப்பான். அத்தாவுக்கு மட்டும் எத்தனை நாள், ஆஸிஃபா?

நேற்றுக் காலை அந்தக் கூட்டத்தின் வீடியோப் பதிவை மறுபடி பார்த்தேன். உனக்குத் தெரியுமோ இல்லையோ, இரண்டரை வருடமாக உங்கள் கூட்டங்கள் ஒன்றையும் நான் விட்டதில்லை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு டீயோடு உட்காருவேன். அனுமதியில்லாமல் கட்டின கார் ஷெட் பற்றி நாற்பது நிமிடம் பேசினால் அதையும் பார்ப்பேன். ஓரத்தில் நீ தெரிவாய், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவாய், அது போதும். போன வாரம் முதல் தடவை பார்த்தபோது, மாவட்டத்துக்காக அவ்வளவு போராடியவள் கலைக்கலாம் என்று பேசுகிறாளே என்று திகைத்துப்போனேன். சட்டம் ஒரே நாளில் சேர்த்ததை ஐம்பது வருடத்திலும் ஒன்றாக்க முடியவில்லை, யார் மேலும் குற்றமில்லை, இனி கௌரவமாகப் பிரித்துக்கொள்வதும் ஒரு நிர்வாகம்தான் என்றாய். நல்ல பேச்சு என்று அம்மாவிடம் சொன்னேன். உன் குரல் நடுவில் ஏன் அடைத்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஜலதோஷம் போல, சுக்குக் கஷாயம் போடச் சொல் என்று அம்மா சொன்னாள்.

உன்னையும் அவனையும் சேர்த்தது எந்தச் சட்டமும் இல்லை. நான்தான். என் அக்கா மௌத்தான பிறகு அவள் பிள்ளை தௌபீக் நம் வீட்டில் வளர்ந்தான். அந்தப் பிள்ளை வெளியே போய்விடக் கூடாது, நீயும் தூரமாகப் போய்விடக் கூடாது. என் வசதிக்கு ஒரு கோடு போட்டேன். நீ, யோசிக்கணும் அத்தா என்றாய். நான் உனக்கு ஓர் உதாரணம் சொன்னேன். என்ன உதாரணம் என்று எனக்கு இப்போது ஞாபகமே இல்லை. நன்றாகத்தான் இருந்திருக்கும். என் உதாரணங்கள் எப்போதும் நன்றாக இருக்கும். நீ அதற்கு மேல் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். உங்கள் மன்றத்தில் அப்படி எழுதினால் செல்லாது. கையைத் தூக்கச் சொல்லி எண்ணுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நீ எழுந்து ஒரு கேள்வி கேட்டாய். கலைத்த பிறகு அந்தப் பழைய மேயரின் சங்கிலி யாருக்கு என்று. ஊர்க்காரர்கள் சிலரை அறங்காவலர்களாக வைத்து அவர்களிடம் கொடுப்பார்கள், மேயர் என்ற பெயரும் சங்கிலியும் அழியாது என்று அதிகாரி சொன்னார். யார் யாரிடம் எது போகும் என்று பட்டியல் போட்டுவிட்டுத்தான் கலைக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. உங்கள் பட்டியலில் நானும் அம்மாவும் யார் பக்கம்? அவனுக்கு உம்மா இல்லை, வாப்பா இல்லை. நாங்களும் உன் பக்கம் மட்டும் என்று ஆகிவிட்டால் பெருநாளைக்கு அவன் யாருக்குப் போன் செய்வான்? அவன் என்னை மாமா என்று கூப்பிடுவது உன் நிக்காஹுக்கு இருபது வருடம் முந்தியது. அதைக் கலைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. இதை நான் சொன்னதாக அவனிடமும் சொல்.

இனி அம்மா. ஜனவரிப் பயணத்துக்கு அவள் பெட்டி கட்டி ஒரு வாரமாகிறது. குரங்குக் குல்லாய் இரண்டு. உனக்கு எலுமிச்சை ஊறுகாய். தௌபீக்குக்குப் பச்சைக் கட்டம் போட்ட கைலி, அந்த ஊரில் நல்ல கைலி கிடைக்காதாம். நேற்று அதை விரித்துக் காட்டி, "இந்தக் கலரு அவனுக்கு எடுப்பா இருக்கும்ல?" என்றாள். இருக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுக்குத் தெரிய வேண்டியது அந்தத் தாளிலிருந்து இல்லை, உன் வாயிலிருந்து. நான் சொன்னால் அது தகவலாகிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வருவதற்குள், அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, நீ போன் செய். அழுவாள். கேள்வி கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிரு. எனக்கு ஒன்றும் ஆகாது. ஆகவேண்டியதாக இருந்தால் ஜெராக்ஸ் கடையிலேயே ஆகியிருக்கும்.

அந்தப் பதினான்காவது தாளை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. உன் கையெழுத்து இருக்கிறதே. என் பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை விசா மனுவை இணையத்தில் ஏற்ற வேண்டும். சத்யப்ரியாவிடம் கொடுப்பதற்கு முன் பென்சிலில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். எல்லாம் எழுதிவிட்டேன். அங்கே யாருடன் தங்குவீர்கள், எந்த விலாசத்தில் என்ற இடத்தில் உங்கள் இருவர் பெயரும் பழைய வீடும் இருந்தன. நேற்று அதை அழித்தேன். இரண்டு முறை ரப்பர் போட்டும் தடம் போகவில்லை. இப்போது அந்த ஒரு வரி மட்டும் காலி. உன் ஃபிளாட்டின் விலாசத்தை எழுதி அனுப்பு. ஒரே ஒரு அறைதான் என்றாலும் எழுது. கட்டில் இல்லை என்றாலும் எழுது, எனக்கும் அம்மாவுக்கும் பாய் போதும்.

ரப்புல் ஆலமீன் உன் வாசலில் நிம்மதியைக் கொண்டு வருவானாக. நீ எழுதும் வரை அந்த வரியை வேறு எதைக் கொண்டும் நிரப்ப மாட்டேன், மகளே.

உன் அத்தா,
நசுருதீன்